பைண்டிங் மேசைக்கு வந்த வேதங்கள்

நாகப்பட்டினத்தில் பைண்டிங் கடை வைத்திருப்பவன் கைக்கு எல்லா மதத்து வேதமும் வந்து சேரும். வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில், ஊருக்குள் காயாரோகணர் கோயிலும் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலும். கரையோரமாக இன்னும் வடக்கே போனால், தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறிய தரங்கம்பாடி. பள்ளிக்கூட நூலகப் புத்தகம், வக்கீல் ஆபீஸ் சட்டப் புத்தகம், மளிகைக் கடைப் பேரேடு என்று அன்றாட வேலை ஒருபுறம் நடக்கும். நூல் விட்டு, முதுகு பெயர்ந்த ஒன்றைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்து யாராவது கொண்டுவந்தால், அது பெரும்பாலும் வேதமாகத்தான் இருக்கும்.

அப்பாவிடம் தொழில் கற்று, அவருக்குப் பின் அதே கடையை நடத்தி, இப்போது தம்பி மகனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் சைவக் குடும்பம். அடுத்தவர் வேதத்தை எரித்தார்கள், கிழித்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், அவற்றைப் பிரித்துத் தைத்துப் பிழைக்கிற எங்கள் தொழிலில் இருக்கும் ஒழுங்கை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க அந்த மதத்தை நம்ப வேண்டியதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனம் இருந்தால் போதும்.

அப்பா சொல்லிக் கொடுத்த முதல் பாடம் பசை. பழைய பைண்டர்கள் வச்சிரம் காய்ச்சுவார்கள். மாட்டுத்தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கிற பசை அது, பிடித்தால் விடாது. பேரேட்டுக்கு அப்பா வச்சிரம் வைப்பார். வேதம் எதுவானாலும் மைதாப் பசைதான். மாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு இறக்குவார். கடையில் விற்கிற பசை பிரஷ் பன்றி மயிரில் செய்தது என்று ஒரு நாகூர்ப் பெரியவர் சொன்னார். அன்றிலிருந்து குர்ஆன் வேலைக்குத் தாழை விழுதை நசுக்கி நாராக்கிய மட்டையைத் தனியாக வைத்துக்கொண்டார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மட்டைதான், சின்ன அளவில். மேலட்டைக்குத் தோல் கேட்டால், எந்தத் தோல் என்று தெரியாமல் போடமாட்டார். ஆட்டுத்தோல் என்று உறுதியானால் பைபிளுக்குப் போடுவார். இல்லாவிட்டால் காலிகோ துணி, ரெக்சின். திருவாசகத்துக்குத் தோலே கிடையாது.

காய்ந்த பிறகு உள்ளே இருப்பது எந்தப் பசை என்று கொடுத்தவருக்குத் தெரியவே தெரியாது. சிறு பையனாக இருந்தபோது இதை அப்பாவிடம் கேட்டேன்.

“யாருப்பா பார்க்கப் போறா? நம்ம புத்தகத்துக்கே இவ்வளவு பார்க்கிறதில்லையே?”

“நம்ம புத்தகத்துல நாம தப்புப் பண்ணா நாமதான் வருத்தப்படுவோம். அவங்க புத்தகத்துல பண்ணா அவங்க வருத்தப்படணும். அவங்க நம்மள நம்பி வச்சுட்டுப் போயிருக்காங்க தம்பி.”

அப்பா மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசியவர் இல்லை. வேலையில் காட்டினார்.

குர்ஆன் வலப்பக்கம் முதுகு வைத்துத் தைக்க வேண்டிய புத்தகம். நாகூர்ப் பாட்டிமார் வைத்திருக்கும் அரபுத் தமிழ்க் கிதாபுகளும் அப்படியே. தமிழ்ப் புத்தகம் தைத்துப் பழகிய கை, ஃபாரங்களை, அதாவது மடித்த அச்சுத்தாள்களை, தானாகவே தலைமாற்றி அடுக்கப் பார்க்கும். அரபு எழுத்துத் தெரியாத பைண்டர் அடுக்கில் எங்கே பிசகினான் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒரு லெப்பையிடம் உட்கார்ந்து அப்பா அரபு எண்களைக் கற்றுக்கொண்டார், எனக்கும் கற்றுக்கொடுத்தார். அதில் ஐந்து வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. ஏழு மேலே திறந்திருக்கும். அதையே கவிழ்த்தால் எட்டு. ஐந்தைப் பூஜ்யம் என்று படித்தால் வேதத்தின் வரிசையே குலைந்துபோகும். பக்க ஓரத்தில் ஓதுபவருக்கான அடையாளக் குறிகள் இருக்கும். சேதமான ஓரத்தை நேர் செய்கிறேன் என்று கட்டிங் மிஷினில் கொடுத்தால் குறி அறுந்துவிடும். பிசிர் இருந்தாலும் இருக்கட்டும் என்று உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுவதோடு சரி. வேலை நடக்கும் நாளெல்லாம் அது மேசையில் எல்லாவற்றுக்கும் மேலேதான் இருக்கும். தரையில் வைப்பதில்லை, அதன்மேல் வேறெதையும் வைப்பதில்லை. கை கழுவாமல் தொடுவதில்லை. ஓதி முடிப்பதற்கென்று குர்ஆனின் பாகங்களான முப்பது ஜுஸ்உகளையும் தனித்தனியாகக் கட்டிக் கேட்டுப் பள்ளிவாசலிலிருந்து வருவார்கள். முப்பதும் ஒரே கனம், ஒரே உயரம், ஒரே துணி இருக்க வேண்டும். ஒரு கூட்டமே பிரித்து வாங்கி ஒரே நேரத்தில் ஓதுகிற புத்தகம் அது.

பைபிளில் வேறு கதை. சிகரெட் தாள் மாதிரி மெல்லிய காகிதம். சுத்தியலால் தட்டி முதுகு வளைத்தால் கிழிந்துவிடும். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் கோடு, நீலக் கோடு, ஓரத்தில் பிரசங்கக் குறிப்பும் தேதியும். நடுவில் குடும்பப் பக்கம்: யார் எப்போது பிறந்தார், ஞானஸ்நானம் எப்போது, கல்யாணம் எப்போது, கர்த்தருக்குள் நித்திரையடைந்தது எப்போது. அந்தக் கோடுகளையும் எழுத்தையும் காப்பாற்றிக் கொடுப்பதுதான் பைபிள் பைண்டிங்கில் பாதி வேலை.

தேவாரம், திவ்வியப் பிரபந்தம் வந்தால் முதல் பக்கத்து நாலு மூலையிலும் மஞ்சள், குங்குமம் இருக்கும். நடுவில் விபூதி, துளசி, காய்ந்த பூ, விளக்கெண்ணெய்க் கறை. பூவிதழ் பட்ட இடம் பழுப்பேறிப் பொடிந்திருக்கும். பிரஷ்ஷால் துடைத்தால் விழும் விபூதியைத் தரையில் தள்ளிப் பெருக்கமாட்டோம். ஒரு தாளில் ஏந்தி மடித்து, புத்தகத்தோடு திருப்பிக் கொடுப்போம்.

இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒரு கிறிஸ்தவர் தம் பைபிளில் கோடு போடுவது பக்தி. ஒரு முஸ்லிம் வீட்டுக் குர்ஆனில் யாராவது சிவப்புக் கோடு போட்டால் அது அவமதிப்பு. ஒரு சைவர் முதல் பக்கத்தில் குங்குமம் வைப்பது மரியாதை. அதையே பைபிளுக்கு வைத்துக் கொடுத்தால் அவர்கள் மனம் புண்படும். எல்லாரும் தங்கள் வேதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஒற்றிக்கொள்ளும் முறை வேறு வேறு. என் முறையை வைத்து அவர்களை அளக்கத் தொடங்கினால் எல்லாருமே மரியாதை தெரியாதவர்களாகத் தெரிவார்கள். சகிப்பின்மை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கடையில் தாள் சீவல் போடும் சாக்கு ஒன்றுக்கு மேல் உண்டு. பேரேட்டுச் சீவலும் பாடப்புத்தகச் சீவலும் பழைய பேப்பர்காரருக்குப் போகும். வேதத்திலிருந்து உதிரும் துண்டு, பொடி, பிய்ந்த மூலை எல்லாம் தனித்தனிப் பையில் சேரும். குர்ஆன் துண்டுகளைப் பள்ளிவாசல் அஜரத் வாங்கி மண்ணில் அடக்கம் செய்வார். தேவாரத் துண்டுகள் வெட்டாற்றில் சேரும். கிறிஸ்தவர்களில் சிலர் எரித்துவிடுங்கள் என்பார்கள், சிலர் புதைத்துவிடுங்கள் என்பார்கள், அவரவர் சொன்னபடி.

இது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். யூதர்கள் பழைய சுவடிகளைத் தொழுகைக் கூடத்திலேயே ஓர் அறையில் சேர்த்துவைப்பார்கள். கெய்ரோவில் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்து அறையில் அப்படிச் சேர்ந்தவை லட்சக்கணக்கான துண்டுகள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவை வெளியே வந்து ஒரு காலத்தின் வரலாற்றையே திறந்துகாட்டின. பாகிஸ்தானின் குவெட்டாவில் சிதைந்த குர்ஆன்களை மலைச் சுரங்கங்களில் வைத்துக் காக்கிறார்கள். பஞ்சாபில் கோயிந்த்வாலில் பழுதடைந்த குரு கிரந்த சாகிப்பை மரியாதையோடு தகனம் செய்கிறார்கள். நம் பக்கத்திலும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சாமிநாதையர் துடித்துப்போனதை அவர் சரித்திரத்தில் படிக்கலாம். இட்டவர்கள் சாஸ்திரப்படி செய்கிறோம் என்றுதான் செய்தார்கள்.

தீ ஒன்றுதான். 1553-இல் ரோமாபுரியின் காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் யூதர்களின் தல்மூதைக் குவித்து எரித்த தீ வேறு, கோயிந்த்வால் தீ வேறு. ஒன்று உரியவர்களே வழியனுப்புவது. மற்றொன்று உரியவர்களிடமிருந்து பிடுங்கி அவர்கள் கண்முன் கொளுத்துவது. அந்தக் காலத்து இத்தாலியில் தீயில் போகாத எபிரேயத் தோல் ஏடுகள் பைண்டர்கள் கைக்கு வந்தன. அவர்கள் அவற்றை வெட்டிக் கணக்குப் புத்தகங்களுக்கு மேலட்டையாகவும் உள்ஒட்டாகவும் போட்டார்கள். இன்றும் இத்தாலிய ஆவணக் காப்பகங்களில் பழைய கணக்குப் புத்தகங்களிலிருந்து அப்படிப்பட்ட துண்டுகளை ஆயிரக்கணக்கில் கண்டெடுக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. என் தொழில்காரன் ஒருவன் கத்தியைத் தீட்டி, ஒரு சமூகத்தின் வேதத்தை முதுகுப் பட்டையாக நறுக்கியிருக்கிறான். கொளுத்தியவனுக்கு வெறுப்பு இருந்தது. பைண்டருக்கு வெறுப்புக்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. அவன் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதே வேலைக்கு எங்கள் கடைக்கும் ஆள் வந்ததுண்டு. வேறொரு மதத்தின் நூல் ஃபாரங்கள் ஒரு கட்டைக் கொண்டுவந்து, “சும்மாதான் கிடக்குது, அட்டைக்கு உள்ளே ஒட்ட வச்சுக்குங்க, காசு வேண்டாம்” என்றார் ஒருவர். சொன்னபோது முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. வாங்கமாட்டேன் என்றேன். இன்னொருவர் தம் வேதம் கட்டக் கொடுக்க வந்து, பக்கத்து அழுத்துப்பொறியில் வேறு வேதம் இருப்பதைப் பார்த்துவிட்டு, “அதை எடுத்துட்டு இதைச் செய்யுங்க” என்றார். இரண்டுக்கும் ஒரே கை, ஒரே பசை, ஒரே கவனம்தான் என்று சொன்னேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. தம் வேதம் எவ்வளவு பத்திரமாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் வருத்தம்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வந்த வேலையைச் சொல்லாமல் விடமுடியாது. தமிழ்நாட்டில் சுனாமி அதிகம் பேரை வாரிக்கொண்டது எங்கள் மாவட்டத்தில்தான். உயிர் போன கணக்கெல்லாம் ஒருவாறு அடங்கிய பிறகு, மிஞ்சியதைப் பொறுக்கி எடுத்தவர்கள் நனைந்த புத்தகங்களோடு வரத் தொடங்கினார்கள். வேளாங்கண்ணியிலிருந்து பைபிள், நாகூரிலிருந்து குர்ஆன், மீனவர் குப்பங்களிலிருந்து கந்தர் சஷ்டிக் கவசமும் தேவாரமும். கடல் தண்ணீரில் ஊறிய புத்தகத்தை அப்படியே காயவைத்தால் உப்பு உள்ளேயே தங்கும். ஈரக்காற்று அடிக்கும்போதெல்லாம் தண்ணீர் இழுத்துப் பூசணம் பிடிக்கும். அதனால் முதலில் நல்ல தண்ணீரில் புத்தகத்தை மூடியபடியே பிடித்து அலச வேண்டும். பிறகு இரு பலகைக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தி நீரை வடித்து, விசிறியாக விரித்து நிற்கவைத்து, தாளுக்குத் தாள் நடுவே உறிஞ்சும் காகிதம் வைத்து, ஈரமேறியதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் போட்டால் தாள் முறுகி நெளிந்துவிடும். மின்விசிறிக் காற்றுதான் சரி.

வழக்கமாக நடுவில் வைப்பது பழைய செய்தித்தாள். குர்ஆன் தாள்களுக்கு நடுவே சினிமாப் படமும் விளம்பரமும் இருக்கிற செய்தித்தாளை வைக்கலாமா? அஜரத்திடம் கேட்டேன். “வெறுந்தாள் கிடைச்சா நல்லது தம்பி” என்றார். அச்சாகாத நியூஸ்பிரிண்ட் ரீலின் கடைசிச் சுற்றுகளை ஓர் அச்சகத்தில் வாங்கிவந்து வெட்டி வைத்தேன். அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடலாமா என்று கேட்டேன். “கால் படாத இடமாப் பார்த்து ஊத்துங்க” என்றார். கடைக்குப் பின்னால் ஒரு தென்னை இருந்தது. குர்ஆன் அலசிய தண்ணீர் அதன் அடிக்குப் போனது. பைபிள் தண்ணீரும் தேவாரத் தண்ணீரும் மட்டும் சாக்கடைக்குப் போவானேன்? எல்லாவற்றையும் அங்கேயே ஊற்றினோம். எல்லாவற்றுக்கும் வெறுந்தாளே வைத்தோம்.

ஒரு பைபிளின் குடும்பப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது நின்றிருந்தது. மைப்பேனாவில் எழுதியிருந்த பழைய பெயர்கள் ஊதாக் கறையாகக் கரைந்துவிட்டன. அந்த அம்மா பெயர்களையும் தேதிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்ல, பக்கத்தில் கவசம் வாங்க உட்கார்ந்திருந்த குப்பத்துப் பெண், தன் எழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி ஒரு புதுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அதைக் குடும்பப் பக்கத்துக்கு எதிரே சேர்த்துத் தைத்தேன்.

இன்னொரு சம்பவம் வேறு மாதிரி. பக்கத்து ஊரில் ஒரு பழைய பேப்பர் கடையில், சாமான் கட்ட வைத்திருந்த கட்டில் அரபு எழுத்துத் தாள்கள் இருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். குர்ஆனைக் கிழித்துப் பொட்டலம் கட்டுகிறான் என்று பேச்சுப் பரவி இளைஞர்கள் கூடிவிட்டார்கள். ஜமாத்துப் பெரியவர் ஒருவர் நிதானமாக, “பைண்டரைக் கூப்பிடுங்க, அவர் பார்த்துச் சொல்லட்டும்” என்றார். போனேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். பெரிய முழுத்தாள், ஒரே பக்கம்தான் அச்சு. பக்கங்கள் தலைக்குத் தலை எதிராக நின்றன. மடித்த தடம் இல்லை, ஊசி ஏறிய துளை இல்லை, மை இரட்டை விழுந்திருந்தது. “இது எந்தப் புத்தகத்திலிருந்தும் கிழிச்சது இல்லை. இன்னும் புத்தகமே ஆகலை. எங்கேயோ அச்சகத்துல மிஷின் ஓட்டிப் பார்த்துக் கழிச்ச தாள், கட்டோட விலைக்கு வந்திருக்கு” என்று துளையில்லாத ஓரத்தை ஒவ்வொருவருக்கும் காட்டினேன். பெரியவர் கட்டு முழுவதையும் விலைகொடுத்து வாங்கி அடக்கத்துக்கு எடுத்துப்போனார். வேத அச்சின் கழிவைப் பொதுக் குப்பையில் விற்ற அந்த அச்சகம் கண்டிக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அடி விழ இருந்தது கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காத கடைக்காரர் மேல்.

2015 மார்ச்சில் காபூலில் ஃபர்குந்தா என்ற 27 வயதுப் பெண் குர்ஆனை எரித்ததாகப் பொய்யாகச் சொல்லிக் கூட்டம் அவளை அடித்தே கொன்றது. அவள் எரிக்கவில்லை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. 2021 டிசம்பரில் சியால்கோட்டில் இலங்கையைச் சேர்ந்த ஆலை மேலாளர் பிரியந்த குமார, மதவாசகம் இருந்த சுவரொட்டியை எடுத்தார் என்ற பேச்சில் கொல்லப்பட்டார். வேதத்தின் மேல் வைத்த அன்பு ஒரு மனிதனை அடிக்கும் அளவுக்குப் போனால் அது வேதத்துக்கும் செய்த அவமதிப்பே. தினமும் கிழிந்த வேதத் தாள் நடுவே உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பூச்சி அரித்துக் கிழியும், ஈரத்தில் கிழியும், குழந்தை இழுத்துக் கிழியும், ஓதி ஓதியே கிழியும். கிழிந்த தாளைக் கண்டதும் முதலில் எழ வேண்டியது ‘எப்படி’ என்ற கேள்வி.

வேண்டுமென்றே எரிப்பவர்களும் இருக்கிறார்கள். 2023 பக்ரீத் அன்று ஸ்டாக்ஹோமில் பள்ளிவாசல் முன்பு குர்ஆனை எரித்தார்கள். டென்மார்க்கிலும் எரிப்பு நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே வேத நூல்களைப் பொது இடத்தில் இழிவுபடுத்துவதைத் தடுக்கச் சட்டமே கொண்டுவந்தார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சீகன்பால்குவை அனுப்பியவரும் அதே டென்மார்க்கின் மன்னர் ஒருவர்தான். மதம் பரப்ப வந்தவர்தான். ஆனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்று, நம் ஏடுகளைத் தேடி வாங்கிப் படித்து, அவற்றுக்குப் பட்டியல் எழுதி, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூலே எழுதினார். ஜெர்மனியில் ஹல்லேயிலிருந்து அவர் பணியை வழிநடத்தியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்நூல் அச்சானது 1867-இல், சென்னையில். மறுக்க வந்தவருக்கும் முதலில் படிக்க வேண்டும் என்று இருந்தது. சைவ மடத்தில் படித்த உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கக் கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவர் போன நாளில் அந்த வீட்டில் தோரணம் கட்டியிருந்தது. சிந்தாமணி படித்து முடித்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் 1887-இல் அந்த நூலை வெளியிட்டார்.

உரியவரைக் கேட்டு நடக்கிற இந்த ஒழுங்கையொட்டியே நம் சட்டமும் நிற்கிறது. 1953-இல் திருச்சியில் பிள்ளையார் மண் சிலை உடைக்கப்பட்டதில் எழுந்த வழக்கில், 1958-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் சொன்னது. ஒரு பொருளுக்குத் தன்னளவில் மதிப்பே இல்லாவிட்டாலும், ஒரு பிரிவினர் அதைப் புனிதமாகக் கொண்டால் அது புனிதப் பொருளே என்றது. பைபிள், குர்ஆன், கிரந்த சாகிப் ஆகியவற்றை உதாரணமாகவும் காட்டியது. எது புனிதம் என்று சொல்லும் உரிமை அதைப் புனிதமாகக் கொண்டவருக்கே உண்டு என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். என் அப்பா தாழை மட்டையைத் தனியாக வைத்ததும் அதே நியாயத்தில்தான்.

தம்பி மகனுக்கு நான் சொல்வது இதுதான். எந்த வேதம் வந்தாலும் வாங்கும்போதே கேள்: எப்படி வைக்க வேண்டும், எது படக்கூடாது, உதிர்ந்ததை என்ன செய்ய வேண்டும். அதற்கு அந்த வேதத்தை நீ ஏற்க வேண்டியதில்லை; அதோடு உனக்குக் கருத்து வேறுபாடும் இருக்கலாம், அதை வாயால் சொல், எழுத்தால் சொல். கையால் மட்டும் காட்டாதே. பைண்டராக இல்லாதவர்களுக்கும் இதே வார்த்தை பொருந்தும். குடிபோனவர் விட்டுச்சென்ற அலமாரியிலோ, பேருந்து இருக்கையிலோ, பழைய புத்தகக் கட்டிலோ அடுத்தவர் வேதம் உங்கள் கைக்கும் ஒருநாள் வரும். அப்போது அந்த மதத்து ஆள் ஒருவரிடம் போய், இதை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கேட்கும்போதே பாதி பகை கரைந்துவிடுவதை என் கடையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேட்பதற்கு ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர்களில் அடுத்த தெருவிலேயே இருக்கிறார்கள்.